மேடை நாடகத்தை ரீவிக்கு மாத்திறது: ஒரு விறாந்தை, மூண்டு வாசல், ஒரு ஆள்மாறாட்டக் காதல் கதை (கிளிநொச்சி)

படலையடி:
வணக்கம். எங்கட குழுவின்ர மேடை நாடகம் ஒண்டை 22 நிமிசப்படி நாலு பாகமாத் தொலைக்காட்சிக்கு எடுக்கப் போறம். மேடையில 95 நிமிசம், ஏழு பாத்திரம், இடம் முழுக்க ஒரு வீட்டு விறாந்தை. குசினிப் பக்கம் ஒரு வாசல், அறைக்கு ஒண்டு, வெளியில படலை.

கதைச் சுருக்கம்: கனடா மாப்பிள்ளை பொம்பிளை பாக்க வாறார் எண்டு வீடு காத்துக்கொண்டிருக்கு. மீற்றர் பாக்க வந்த பெடியனை மாப்பிள்ளை எண்டு நினைச்சு உள்ள இருத்தி உபசரிக்கினம். பெடியனுக்கும் பெட்டைக்கும் மனம் ஒத்துப் போகுது. பிறகு மெய்யான மாப்பிள்ளை வந்து இறங்க, அவரை மின்சார சபை ஆள் எண்டு மீற்றருக்குக் கீழ கொண்டுபோய் விடுகினம். தரகர் ஒருத்தருக்குத்தான் உண்மை தெரியும். அவருக்குத் தரகுக் காசு போயிடுமெண்டு பயம்.

ஒரு கமெரா இருக்கு, இன்னொண்டு வாடகைக்கு எடுக்கலாம். பரீட்சார்த்தமா ரெண்டு காட்சி எடுத்துப் பாத்ததில, மண்டபத்தில சனம் விழுந்து விழுந்து சிரிச்ச இடமெல்லாம் திரையில செத்துப்போய்க் கிடக்கு. வசனமும் அதேதான், ஆக்களும் அவையள்தான். எங்க பிழைக்குது? கூரை தகரம், ஒலியும் யோசினையாக் கிடக்கு.

எழுத்தாணி:
தம்பி, கமெராவைத் தொட முதல் எழுத்தைப் பாருங்கோ. முதல் கேள்வி: கதை எந்த வருசம் நடக்குது? இண்டைக்கு நடக்குது எண்டு வைச்சால், மாப்பிள்ளையின்ர படம் ஏன் ஒருத்தற்ற போனிலயும் இல்லை எண்டு பாக்கிற ஆள் முதலாவது நிமிசமே கேக்கும். மேடையில அந்தக் கேள்வி எழும்பாது. மேடையில விறாந்தை எண்டது நாலு கதிரையும் ஒரு சீலைத் திரையும். அதை நம்பிற சனம் இதையும் நம்பும். கமெரா மெய்யான வீட்டைக் காட்டினதும் மெய்யான கேள்வி வரும்.

என்ர விருப்பம் 2012. எல்லாற்ற கையிலயும் பட்டன் போன். யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013 செப்ரெம்பரில, ஆனபடியா மாப்பிள்ளை ஏ9 வழிய வானிலதான் வரோணும். முறிகண்டிப் பிள்ளையாரடியில வான் நிக்கும், தேங்காய் உடைப்பினம், கச்சான் வாங்குவினம். அவர் பிந்துறதுக்குக் காரணம் றோட்டிலயே கிடக்கு, புதுசா ஒண்டும் கட்டத் தேவையில்லை. 2012 எண்டு முடிவெடுத்தால் பின்னணியில ரயில் ஊதுற சத்தம் வரப்படாது, சுவரில தொங்கிற கலண்டர் தொடக்கம் கவனம்.

ரெண்டாவது, வெட்டு. "ஐயோ, அவர் படலையைத் திறந்துகொண்டு வாறாரே" மாதிரி, கண்ணுக்குத் தெரியிறதைச் சொல்லுற வசனம் முழுக்கப் போகோணும். பாத்திரம் உள்ள வரேக்க தன்னை அறிமுகப்படுத்துற வசனமும் அப்பிடித்தான். 95 நிமிசத்தை 70க்கு இறக்குங்கோ. மிச்சம் 18 நிமிசத்துக்கு மேடையில காட்ட ஏலாத இடங்களை எழுதுங்கோ: முறிகண்டி, கிணத்தடி, வேலியடி, தரகற்ற சைக்கிள். ஊர்ச்சுத்திக் காட்டுறதுக்காக எழுத வேண்டாம். விறாந்தையில நடக்கிற பொய்யை ஒண்டில் இறுக்கோணும், இல்லாட்டி உடையப் பாக்கோணும். ரெண்டும் செய்யாத வெளிக்காட்சி எவ்வளவு வடிவெண்டாலும் வேண்டாம்.

தரகர் சனத்தைப் பாத்துச் சொல்லுற பக்கப் பேச்சுகள் கட்டாயம் இருக்கும். அவர் ஒருத்தரை மட்டும் கமெராவைப் பாத்துப் பேச விடுங்கோ. மற்ற ஆறு பேரும் ஒருக்காலும் பாக்கப்படாது. அந்த உரிமை ஒருத்தருக்குத்தான் எண்டு முதல் பாகத்தின்ர முதல் ரெண்டு நிமிசத்துக்குள்ளயே காட்டிப்போடோணும், மூண்டாம் பாகத்தில திடீரெண்டு துவங்கினால் பிழை மாதிரித் தெரியும்.

கமெராக்கண்:
எழுத்தாணி அக்கா மீற்றரை விட்டிட்டா. மேடையில மீற்றர் ஒரு மட்டைப் பெட்டி. உங்களுக்குக் கிடைச்ச பெரிய சொத்து அதுதான். தட்டுச் சுத்துற பழைய மீற்றர் உள்ள வீடாப் பாருங்கோ. மின்சாரம் ஓடினால்தான் தட்டுச் சுத்தும். அயன் பொக்சைப் போட்டால் வேகமாச் சுத்தும், ஒரு பல்பு மட்டும் எண்டால் ஊரும். பெடியன் முதல்முதல் பெட்டையைக் காணேக்க உள்ள ஆரோ மாப்பிள்ளைக்குச் சேட்டு அயன் பண்ணுகினம் எண்டு வைச்சு, தட்டை மட்டும் கிட்டத்தில 3 செக்கன் காட்டுங்கோ. பெடியன் மீற்றரைப் பாக்கிறான், பெட்டை அவனைப் பாக்கிறா, தட்டுப் பறக்குது. வசனம் வேண்டாம். மீற்றரின்ர முத்திரையை மட்டும் ஒருத்தரும் தொடப்படாது.

இனி அடிப்படை. செக்கனுக்கு 25 பிரேம் (தனிப்படம்), ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விடுற நேரம்) 1/50 செக்கன். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போனில கிடக்கிற மாதிரி 30 பிரேமில, ஷட்டரைத் தானியங்கியில விட்டு எடுத்தால் ரியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் படத்தில கோடு கோடா ஓடும். பிறகு எடிற்றில திருத்திறது பெரிய பாடு.

விறாந்தையில பெரிய தலையிடி வெளிவெளிச்சம். முத்தத்து வெயில் ஆளின்ர முகத்தைவிட நாலைஞ்சு ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் எண்டால் வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட இருக்கும். முகம் கறுக்கும், இல்லாட்டி முத்தம் வெள்ளையாப் போகும். விறாந்தை விளிம்பில, கமெராவுக்குத் தெரியாத பக்கம், 4 அடிக்கு 4 அடி ரெஜிபோம் ரெண்டை நிறுத்தி வெயிலை உள்ள திருப்புங்கோ. முத்தம் தெரியிற ஷொட்டை காலமை 6.30 தொடக்கம் 8.30 வரைக்கும், பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் வையுங்கோ. நடுப்பகலில சுவரை நோக்கின ஷொட் மட்டும்.

மூண்டு வாசல் விசயம் முக்கியம். மண்டபத்தில இருக்கிற ஆளுக்கு மூண்டும் எந்த நேரமும் கண்ணில கிடக்கும். திரையில நீங்கள் காட்டினதுதான் கிடக்கு. ஒவ்வொரு பாகத்தின்ர துவக்கத்திலயும் மூண்டு வாசலும் ஒண்டாத் தெரியிற விரிஞ்ச ஷொட் ஒண்டு கட்டாயம். குசினிக்குப் போற ஆள் எப்பவும் திரையின்ர இடப்பக்கத்தால வெளியேறோணும். ஒருக்கா மாறினாலும் ஆர் எங்க ஒளிச்சிருக்கு எண்டு சனத்துக்குக் குழம்பும். குழம்பினால் சிரிப்பு வராது.

நாட்டுக்கூத்தன்:
பிள்ளையள், ஒரு மாற்றுக் கருத்துச் சொல்லுறன். ஏன் வீட்டுக்குள்ள கொண்டுபோய் உடைக்கிறியள்? மண்டபத்தில சனத்தை இருத்தி, மூண்டு கமெரா வைச்சு, நாடகத்தை நாடகமா எடுங்கோவன். 1951இல அமெரிக்காவில "ஐ லவ் லூசி" எண்ட ரீவிப் பகிடித் தொடரை அப்பிடித்தான் எடுத்தவை: சனத்துக்கு முன்னால, மூண்டு பிலிம் கமெரா ஒரே நேரத்தில. நடிகருக்கு மூச்சுக் குடுக்கிறது சனத்தின்ர சிரிப்பு. அதை எடுத்துப்போட்டு வெறும் வீட்டில நடிக்கச் சொன்னால் அவன் எந்த இடத்தில நிப்பாட்டிறது?

வெட்டுமேசை:
நாட்டுக்கூத்தன் ஐயா சொல்லுறதில நியாயம் இருக்கு. படலையடியின்ர முதல் கேள்விக்கு மறுமொழியும் அதுக்குள்ளதான் கிடக்கு. மேடை நகைச்சுவையின்ர தாளத்தைப் போடுறது சனம். வசனம் விழும், சிரிப்பு எழும்பும், நடிகர் ரெண்டு மூண்டு செக்கன் நிப்பார், சிரிப்பு இறங்கத் துவங்க அடுத்த வசனம். அந்த நிப்பு நடிகற்ற உடம்பில பழகிப் போச்சு. சனமில்லாத வீட்டிலயும் அதே இடத்தில நிக்கிறார். அப்ப திரையில வெறும் ஓட்டை விழுகுது. உங்கட காட்சிகள் செத்துக் கிடக்கிறது அதாலதான், வசனத்தில பிழையில்லை.

ஆனா மண்டபத்தில எடுக்கிறது வேற வேலை. "லூசி"க்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராய்ண்ட், மூண்டு கமெராவுக்கும் ஒரேயடியாப் பொருந்திற மாதிரி மேலயிருந்து சமனா வெளிச்சம் போட்டவர். அந்த நாடகமே கமெராவுக்கெண்டு எழுதி, செற் போட்டு எடுத்தது. ஊர் மண்டபத்து மேடையில ஊதாவும் சிவப்புமா எல்ஈடி லைட் கிடக்கும், நடிகர் கடைசி வரிசைக்குக் கேக்கக் குரல் எடுப்பார், கண் சனத்துக்கு மேலால பாக்கும். அதைக் கிட்டத்து ஷொட்டில போட்டால் கத்துற மாதிரித்தான் இருக்கும்.

எண்டாலும் ஒரு மேடையேற்றத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கோ, ஒளிபரப்ப இல்லை, அளக்க. ஒரு கமெரா அசையாமல் முழு மேடையையும் எடுக்கட்டும், ஒரு மைக் சனத்தைப் பாத்து நிக்கட்டும். பழைய போட்டோக் கமெராக்கள் 29 நிமிசம் 59 செக்கனில தானா நிக்கும், அந்த நேரத்தைக் கணக்கு வைச்சு முதலே நிப்பாட்டித் திரும்ப ஓட விடுங்கோ. பிறகு எந்த வசனத்துக்கு எவ்வளவு சிரிப்பு எண்டு எழுத்துப் பிரதியின்ர ஓரத்தில செக்கன் போட்டுக் குறியுங்கோ. அந்தப் பிரதிதான் எடிற்றருக்கு வழிகாட்டி.

நாட்டுக்கூத்தன்:
அளக்கிறதுக்கு எண்டால் சம்மதம். ஆனா ஒரு விசயம், அந்தச் சிரிப்பை எடுத்து வீட்டுக் காட்சிக்குப் பின்னால ஒட்டிப்போடாதையுங்கோ. தகரக் கூரை விறாந்தையில இருநூறு பேர் சிரிச்சால் அந்தச் சனம் எங்க இருக்கு எண்டு கேள்வி வரும்.

வெட்டுமேசை:
ஒட்ட மாட்டம் ஐயா. சிரிப்பு இருந்த இடத்தில கேக்கிற ஆளின்ர முகத்தைப் போடுவம். பகிடி சொல்லுற முகத்தில சிரிப்பு குறைவு, அதைக் கேட்டு முழிக்கிற முகத்தில கூட. வசனம் முடிஞ்சு 4, 5 பிரேமுக்குள்ள முழிக்கிற முகத்துக்குப் போங்கோ, 1 செக்கன் தொடக்கம் ஒண்டரைச் செக்கன் வைச்சிருங்கோ, அடுத்த ஆளின்ர குரலை அந்த முகத்துக்கு மேலயே துவங்க விடுங்கோ. ஓட்டையும் அடைபடும், பகிடியும் நிக்கும். இதுக்கு வசதியா, படப்பிடிப்பில ஒவ்வொரு காட்சியிலயும் பேசாத ஆக்களை முழுக் காட்சிக்கும் ஓடவிட்டு ஒருக்கா எடுக்கோணும். நேரமில்லை எண்டு விடுற முதல் சாமான் அதுதான், எடிற்றில அழுது தேடுற முதல் சாமானும் அதுதான்.

நடிகருக்கு ஒரே சொல்லு: "எதிரில இருக்கிற ஆளுக்குக் கேட்டால் போதும், சிரிப்புக்குக் காத்திருக்க வேண்டாம், வசனத்தை வசனத்தோட முட்ட விடுங்கோ." இடைவெளியை நாங்கள் எடிற்றில வைப்பம்.

மாங்குளம் ஒலி:
முட்ட விடலாம், ஆனா குரல் குரலோட ஏறினால் பிறகு வெட்ட ஏலாது. விரிஞ்ச ஷொட்டில ஏறட்டும், ஒற்றை முகத்தை எடுக்கேக்க மற்றவர் அரைச் செக்கன் விட்டுத் துவங்கோணும்.

தகரம் பற்றி. காலமை வெயில் ஏற 9, 10 மணிக்கும், பின்னேரம் ஆறேக்கயும் தகரம் விரிஞ்சு சுருங்கி "டிக் டிக்" எண்டு அடிக்கும். மரத்துக்குக் கீழ உள்ள வீடெண்டால் குறைவு. மழையில தகரத்துக்குக் கீழ ஒலிப்பதிவே இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் நாள் குறிக்க வேண்டாம், மார்கழியில விடிய ஒலிபெருக்கியில திருவெம்பாவையும் சேரும். ஆனி தொடக்கம் ஆவணி வரைக்கும் சோளகம் அடிக்கும், வெளிக்காட்சியில மைக்குக்கு மயிர்த்தொப்பி இல்லாமல் ஒண்டும் எடுபடாது, லென்ஸ் முழுக்கப் புழுதி. மாசி, பங்குனி நல்லம்.

உடுப்பு மைக்கை நாடிக்குக் கீழ ஒரு சாண் அளவில வையுங்கோ. பொம்பிளை பாக்கிற காட்சியெண்டு பெட்டைக்குப் பட்டுச் சீலை உடுத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். அந்தக் காட்சிக்கு மேலயிருந்து கோல் மைக், தலைக்கு மேல ஒண்டரை தொடக்கம் ரெண்டு அடி. மற்ற நாளுக்குப் பருத்தி. ஒலி 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபெலுக்குக் கிட்ட நிக்கட்டும். தரகர் திடீரெண்டு கத்துற ஆள், அவருக்கு இன்னும் கொஞ்சம் இறக்கி வையுங்கோ.

பிரிட்ஜை நிப்பாட்டேக்க மோட்டசைக்கிள் திறப்பை அதுக்குள்ள வைச்சால், போகேக்க திரும்பப் போட மறக்க மாட்டியள், வீட்டுக்காரற்ற மீனும் பழுதாகாது. ஃபானும் நிக்கோணும். ஒவ்வொரு இடத்திலயும் ஆக்கள் அசையாமல் நிக்க 1 நிமிசம் வெறும் ஒலி எடுங்கோ. லான்ட்மாஸ்ரரும் பாண் ஓட்டோவின்ர பாட்டும் வசனத்துக்குள்ள விழுந்தால் ஒரு வெட்டுக்கு ஒருக்காப் பாட்டுத் துள்ளும். கேட்டதும் நிப்பாட்டி, அது போனாப்பிறகு வசனத்தின்ர துவக்கத்திலயிருந்து எடுங்கோ, நடுவிலயிருந்து வேண்டாம்.

மூண்டு வாசலுக்கும் மூண்டு சத்தம் வையுங்கோ. குசினிக்கு மணி கட்டின சீலை, அறைக்குக் கிறீச்சிடுற பிணைச்சல், படலைக்குச் சங்கிலி. ரெண்டாம் பாகத்தில சங்கிலி கேட்டாலே ஆரோ வருகினம் எண்டு சனத்துக்கு விளங்கும், காட்டத் தேவையில்லை.

படலையடி:
நல்ல பிரயோசனம். வேலியடிக் காட்சி பற்றிக் கேக்கோணும். மேடையில ரெண்டு பேரும் சனத்தைப் பாத்து ஆறடி தள்ளி நிண்டு கதைப்பினம். மெய்யான வேலியில எப்பிடி?

எழுத்தாணி:
காதல் முழுக்க அங்கதான் நிக்கப் போகுது, கவனமா எழுதுங்கோ. கலியாணம் பேசுற வீட்டில பெட்டையும் பெடியனும் முன்னுக்கு முன்னுக்கு நிண்டு கதைக்க ஏலாது. அதை மீறி நிறுத்தினால் எங்கட சனம் நம்பாது, நம்பாட்டி பாசமும் வராது. கிடுகு வேலி வையுங்கோ. அவ கிணத்தடிப் பக்கம், அவன் ஒழுங்கைப் பக்கம். அவன் தான் ஆரெண்டு உண்மையைச் சொல்ல வெளிக்கிடுறான், ஒவ்வொரு முறையும் ஒழுங்கையால ஆரோ போகினம். மூண்டு முறை போதும், நாலாவது முறை அலுக்கும். மேடையில அவன் சொன்ன அரைப்பக்கக் காதல் வசனத்தை அப்பிடியே தூக்கிப்போட்டு, வேலி ஓட்டைக்குள்ளால அவ ஒரு கச்சான் சரையை நீட்டட்டும். அந்தச் சரை முறிகண்டியில வாங்கினது எண்டால், மெய்யான மாப்பிள்ளை வந்திட்டார் எண்டதும் அவனுக்கு அதிலேயே விளங்கும். மூண்டாம் பாகத்தை அந்த இடத்தில முடிக்கலாம்.

கமெராக்கண்:
சரையில முடிக்கிறது அருமை. எடுக்கிற முறை: ரெண்டு முகத்தையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கோ, அது வேலிக்குக் குறுக்கால போகும். கோட்டுக்கு எந்தப் பக்கத்தால எடுக்கத் துவங்கினாலும் கடைசிவரைக்கும் அந்தப் பக்கம்தான். வேலிக்கு இஞ்சாலயும் அங்காலயும் போகலாம், கோட்டைத் தாண்டப்படாது. அப்பதான் ஒருத்தர் வலது பாக்க, மற்றவர் இடது பாக்கச் சரியா வரும். தாண்டினால் ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்கிற மாதிரி இருக்கும்.

குவியத்தைக் கையால வையுங்கோ, தானியங்கியில விட்டால் முகத்தை விட்டிட்டுக் கிடுகைப் பிடிக்கும். கிடுகு ஓட்டைக்குள்ளால விழுற வெயில் முகத்தில கோடு போடும், 20 நிமிசத்தில அந்தக் கோடு நகர்ந்திடும். வெட்டி ஒட்டேக்க கன்னத்தில கிடந்தது மூக்கில நிக்கும். மேல ஒரு வெள்ளைத் துணியைப் பந்தல் மாதிரிக் கட்டினால் பிரச்சினை முடிஞ்சுது.

தேத்தண்ணியும் அப்பிடி. கண்ணாடிக் கிளாசில குடுத்தால் ஒவ்வொரு ஷொட்டிலயும் மட்டம் ஏறி இறங்கும். சில்வர் தம்ளரில குடுங்கோ.

படலையடி:
எத்தினை நாள் வேணும்? வீட்டுக்குப் பின்னால வயல்.

வெட்டுமேசை:
ஒரு கமெராவில ஒரு நாளைக்கு முடிஞ்ச படம் 6 நிமிசம் எண்டு வையுங்கோ. 88 நிமிசத்துக்கு 15 நாள், கையில 2 நாள் மிச்சம் வைச்சு 17. பதிவு செக்கனுக்கு 100 மெகாபிற்றில எண்டால் மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைற். முடிஞ்ச படம் ஒரு நிமிசத்துக்கு ஆறு நிமிசம் எடுத்தால் 400 ஜிகாபைற்றுக்குக் கிட்ட வரும். 1 ரெராபைற் டிஸ்க் ரெண்டு வாங்கி, அண்டண்டே ரெண்டிலயும் இறக்கி, ரெண்டையும் வேற வேற வீட்டில வையுங்கோ.

வயல் எண்டபடியா வயல்காரரோட முதல் கதையுங்கோ. காலபோக வெள்ளாண்மை தையில பழுத்து, மாசியில வெட்டு மெஷின் இறங்கும். 17 நாளுக்குள்ள பின்னணி மஞ்சளாகி, வெறும் அடிக்கட்டையாப் போகும். கதையோ ஒரே நாளில நடக்குது. வெட்டு முடிஞ்ச பிறகு துவங்குங்கோ, இல்லாட்டி வயல் தெரியிற ஷொட் எல்லாத்தையும் முதல் ரெண்டு நாளில முடியுங்கோ.

வரிசை மாறி எடுக்கப்போறபடியா மேடை நடிகர் தடுமாறுவினம். ஆள்மாறாட்டக் கதையில அது பெரிய ஆபத்து. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள்: இந்த நேரம் ஆருக்கு என்ன தெரியும், ஆர் ஆரை ஆரெண்டு நினைக்கினம். உதாரணத்துக்கு, 14ஆம் காட்சியில தாய்க்குச் சந்தேகம் வந்திட்டுது, தகப்பன் இன்னும் நம்புறார், பெட்டைக்குப் பெடியன் மாப்பிள்ளையில்லை எண்டு தெரியும், அவவுக்குத் தெரியும் எண்டு பெடியனுக்குத் தெரியாது. காட்சி துவங்க முதல் அதை வாசிச்சிட்டுத்தான் கமெரா ஓடோணும். தாய் அறியாததை அறிஞ்ச முகத்தோட ஒருக்காப் பாத்தால் போதும், கதை உடைஞ்சுது.

எழுத்தாணி:
இன்னொண்டு. நாடகம் எழுதினவரிட்ட எழுத்தில அனுமதி வாங்கினியளோ? மேடையேற்ற அனுமதி வேற, தொலைக்காட்சிக்கு மாத்திற அனுமதி வேற. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவற்ற வாழ்நாளும் அதுக்குப் பிறகு 70 வருசமும் உரிமை இருக்கும், முதல் அவருக்கு, பிறகு அவற்ற குடும்பத்துக்கு. எத்தினை பாகம், எந்தச் சனல், இணையத்தில போடலாமோ, எல்லாம் கடிதத்தில வரட்டும். மேடையில போட்ட சினிமாப் பாட்டை இதில போடாதையுங்கோ. பாட்டு வேணுமெண்டால் ஊரிலயே எழுதி மெட்டுப் போடுங்கோ.

நடிகரைச் சீரியல் தமிழுக்கும் போக விடாதையுங்கோ. கமெராவைக் கண்டதும் சிலபேர் சென்னைப் பேச்சுக்குத் தாவுவினம். தகப்பன் "என்ன பிள்ளை, அவருக்குக் குடிக்க ஏதும் குடுத்தனியோ" எண்டு கேக்கிற வாயாலதான் இந்த நாடகம் நிக்குது.

படலையடி:
அனுமதி மேடைக்கு மட்டும்தான் இருக்கு, அதை முதல் செய்யிறம். கடைசியா ஒண்டு: எடிற் முடிஞ்சாப்பிறகு தாளம் சரியோ எண்டு எப்பிடி அறியிறது? எங்களுக்கு எல்லா வசனமும் பாடம்.

வெட்டுமேசை:
மேடையில இந்த நாடகத்தைப் பாக்காத பத்துப் பேரைக் கூப்பிட்டு முதல் பாகத்தை ரீவியில போடுங்கோ. நீங்கள் அந்த அறையில இருக்க வேண்டாம், உங்கட முகத்தைப் பாத்துச் சிரிப்பினம். ரீவிக்குப் பக்கத்தில ஒரு போனை வைச்சு அவையளின்ர சத்தத்தைப் பதியுங்கோ. அந்த ஒலியை எடிற்றில படத்துக்குக் கீழ ஒரு தடமாப் போட்டு, முதல் வசனத்தோட பொருத்துங்கோ. சிரிப்பு அடுத்த வசனத்தை மூடுற இடத்தில முழிக்கிற முகத்தை 10 பிரேம் கூட்டுங்கோ. சிரிப்பே இல்லாத இடத்தில வசனத்தை வெட்ட முதல் அதுக்கு முன்னால உள்ள 15 செக்கனைப் பாருங்கோ, ஆர் எந்த வாசலுக்குப் பின்னால நிக்குது எண்டு காட்டாமல் விட்டிருப்பியள். திருத்தினாப்பிறகு வேற பத்துப் பேர். கடைசி ஒலி அளவு ரீவிக்கு மைனஸ் 23 எல்யூஎப்எஸ் (மொத்தமா எவ்வளவு சத்தமாக் கேக்குது எண்ட அளவு), யூரியூப்புக்கு மைனஸ் 14, ரெண்டையும் வேற வேறயா ஏத்துங்கோ.